காவல் மணியும் ஓய்வு நேரமும்

காவலின் பயன் காவலன் விழித்திருத்தலால் மாத்திரம் நிரம்புவதன்று. அவன் எழுப்பும் ஓசையைக் கேட்போர் நம்பி எழுதலும் வேண்டும். காரணமின்றி இரவுதோறும் மணியடிக்குங் காவலனை ஊரார் சின்னாளிற் செவிக்கொள்ளாது விடுவர். ஆபத்து வந்துற்றபொழுது மணியடியாக் காவலனாற் பயனின்மை சொல்லாமலே விளங்கும். வீண் ஒலி, வேண்டா மௌனம் என்னும் இவ்விரு குற்றமும் நீங்கியதே காவலெனப்படும். ஊர்க்காவலுக்கும் வயற்காவலுக்கும் உரியதாயிருந்த இவ்வுண்மை, இக்காலத்திற் கணினிகளின் காவலுக்கும் உரியதாயிற்று.

வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவேடு, பரீட்சைப் பெறுபேறு, புகையிரத ஆசனப் பதிவு முதலியன பலவும் இன்று கணினிகளிலேயே தங்கியுள்ளன. இவ்வாறு பலருக்கும் ஒருங்கே பணிபுரியும் பொருட்டு அல்லும் பகலும் இயங்குங் கணினி சேவையகம் எனப்படும். சேர்வர் என்பது பொதுவழக்கு. பெரிய நிறுவனம் ஒன்றிற் சேவையகங்கள் பத்தாகவும் நூறாகவும் அவற்றினும் மிகுதியாகவும் இருத்தல் கூடும். அவை ஒவ்வொன்றையும் மனிதர் கண்ணாற் பார்த்துக்கொண்டிருத்தல் இயலாது. ஆதலின் அவற்றைக் காக்குந் தொழிலும் வேறொரு கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காவற் கணினி, பழுது கண்டவிடத்து மணியடிப்பது போல எச்சரிக்கை அனுப்பும். இனி, சேவையகங்களைப் பழுதுபார்த்தற்கு வேண்டுமென்றே நிறுத்துங் காலங்களும் உள. அக்காலங்களில் அம்மணியை எவ்வாறு அடக்குவது, பல சேவையகங்களுக்கு அதனை ஒழுங்குபடச் செய்வது யாங்ஙனம், அடக்கிய மணி மறுபடியும் ஒலிக்குமென்பதற்கு உறுதி யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

காவல் மென்பொருள்களுட் பலராலும் அறியப்பட்டது நாகியோஸ் என்பது. ஈதன் கால்ஸ்ராட் என்பார் 1999ஆம் ஆண்டில் இதனை நெற்செயின்ற் என்னும் பெயரால் வெளியிட்டார். 2002ஆம் ஆண்டில் இதற்கு நாகியோஸ் என்னும் பெயர் சூட்டப்பட்டது. இதனின்று 2009ஆம் ஆண்டிற் கிளைத்தது இசிங்கா. லற்வியா நாட்டிற் பிறந்த சபிக்ஸ் 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. சவுண்ட்கிளவுட் என்னும் நிறுவனத்தார் 2012ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கியது புரொமீதியஸ். பெயரும் அமைப்பும் வேறுபடினும் இவற்றின் அடிப்படைத் தொழில் ஒன்றே.

நாகியோஸின் முறை வருமாறு: குறித்த இடைவேளைதோறும் அது சிறு சோதனைச் செய்நிரல்களை ஏவும். சேவையகம் மறுமொழி தருகின்றதா என ஒன்று வினவும். வன்தட்டில் இடம் எஞ்சியுள்ளதா என மற்றொன்று நோக்கும். இணையத்தளம் திறக்கின்றதா எனப் பிறிதொன்று காணும். ஒவ்வொரு சோதனையும் ஓர் எண்ணை விடையாகத் தரும். 0 எனின் நலம். 1 எனின் எச்சரிக்கை. 2 எனின் நெருக்கடி. 3 எனின் நிலை அறியக்கூடவில்லை என்பது பொருள். ஒருமுறை பிழைத்த அளவிலே அது மணியடிப்பதில்லை. குறித்த தடவை திரும்பத் திரும்பச் சோதித்து, பிழை நிலைபெற்றதென்று துணிந்த பின்னரே பொறுப்பாளருக்கு மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ அறிவிக்கும். நள்ளிரவாயினும் துயிலெழுந்து வந்து ஆவன செய்தல் அன்றைய முறைக்குரிய உத்தியோகத்தரின் கடமையாகும்.

இவ்வாறு அமைந்த காவலுக்குப் பழுதுபார்த்தல் ஓர் இடர்ப்பாட்டை விளைக்கின்றது. சேவையகத்தின் அடிப்படை மென்பொருளிற் பாதுகாப்புக் குறை காணப்பட்டால் அதனைத் திருத்துதல் வேண்டும். திருத்தம் நிலைகொள்ளுதற்குக் கணினியை நிறுத்தி மீளத் தொடக்குதல் பெரும்பாலும் இன்றியமையாதது. அங்ஙனம் நிறுத்தியவுடன் காவற் கணினி, நிகழ்வதன் காரணத்தை அறியாமையால், சேவையகம் வீழ்ந்ததென்றே கொள்ளும். ஒரு சேவையகத்திற் பத்துச் சோதனைகள் நடைபெறுமாயின் பத்து எச்சரிக்கைகள் எழும். நாற்பது சேவையகங்களைத் திருத்தும் இரவில் அவை நானூறாகப் பெருகும். அந்நானூற்றினிடையே உண்மையான பழுதைத் தெரிவிக்கும் எச்சரிக்கை ஒன்று வருமாயின் அதனை வேறுபிரித்து அறிவார் யாவர்?

வீண் எச்சரிக்கை தொல்லை தருவதோடு அமையாது, மனிதரின் இயல்பையே மாற்றிவிடும். பலகால் ஏமாந்த செவி பின்னர் மெய்யொலியையும் கேளாது. வைத்தியசாலைகளில் இது நன்கு அவதானிக்கப்பட்டுள்ளது. நோயாளரின் படுக்கையருகே வைக்கப்படும் கருவிகள் ஓயாது ஒலித்தலின், தாதியர் அவ்வொலிக்குப் பழகி அதனைப் பொருட்படுத்தாது விடுதலும், ஒலியைத் தணித்து விடுதலும், அடியோடு நிறுத்திவிடுதலும் நிகழ்கின்றன. அமெரிக்காவில் வைத்தியசாலைகளின் தரத்தை ஆராய்ந்து சான்றளிக்கும் யொயின்ற் கொமிஷன் என்னும் சபை, 2013ஆம் ஆண்டில் இது குறித்து ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2009 சனவரி தொடக்கம் 2012 யூன் வரையில் எச்சரிக்கைக் கருவிகள் தொடர்பாகத் தனக்கு அறிவிக்கப்பட்ட 98 நிகழ்ச்சிகளுள் 80 மரணத்தில் முடிந்தன என்று அவ்வறிக்கை கூறுகின்றது. கணினிக் காவலர் எதிர்நோக்கும் சோர்வும் இவ்வினத்ததே.

ஆகவே பழுதுபார்க்கும் வேளையில் மணியை அடக்குதல் வேண்டும் என்பது பெறப்பட்டது. அடக்கும் வழிகளோ இரண்டு. ஒன்று, எச்சரிக்கையை நிறுத்திவிட்டு வேலை முடிந்தபின் நினைவாக மீளத் தொடக்குதல். மற்றொன்று, இன்ன நேரந் தொடக்கம் இன்ன நேரம் வரையும் என்று எல்லை வகுத்து ஓய்வு நேரத்தை முன்கூட்டியே பதிந்துவைத்தல். மேலோட்டமாக நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முன்னையது மனிதர் மறவார் என்னும் நம்பிக்கையைச் சார்ந்து நிற்பது. பின்னையது மறப்பர் என்பதை ஒப்புக்கொண்டு அமைக்கப்பட்டது. இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதற்கு 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும்.

அவ்வாண்டு ஓகத்து மாதம் 14ஆம் நாள் பிற்பகலில் அமெரிக்காவின் வடகிழக்கு, நடுமேற்கு மாநிலங்கள் சிலவும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணமும் மின்சாரம் இழந்தன. ஏறத்தாழ 5 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. இழக்கப்பட்ட மின்வலு ஏறத்தாழ 61,800 மெகாவாற்று. இரு நாட்டு அரசாங்கங்களும் அமைத்த கூட்டு விசாரணைக் குழு 2004ஆம் ஆண்டு ஏப்பிரலில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மரக்கிளைகளிற் பட்டு மின்கம்பிகள் அறுநிலையுற்றமை, ஒகாயோ மாநில மின்சார நிறுவனத்தின் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2.14 மணிக்குப் பின்னர் ஓசையின்றிச் செயலிழந்தமை, அதனை உத்தியோகத்தர் நெடுநேரம் அறியாதிருந்தமை முதலாகப் பல காரணங்களை அது விரித்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று ஈண்டைக்கு மிக இயைபுடையது.

அப்பிரதேசத்தின் மின்னோட்டத்தை மேற்பார்வை செய்த வேறொரு நிறுவனம், மின்வலையமைப்பின் நிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே கணித்தறியும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தது. நண்பகலுக்குப் பின் 12.15 மணியளவில் அதன் கணிப்புப் பிழைத்தது. காரணத்தைக் கண்டறியும் பொருட்டு ஆய்வாளர் ஒருவர் அத்தன்னியக்க ஏவலை நிறுத்திவைத்தார். ஒரு மணியளவிற் பிழையைத் திருத்தியும் விட்டார். ஆயின் நிறுத்திய ஏவலை மீளத் தொடக்க மறந்து, எல்லாம் சீராயிற்று என்று எண்ணி மதிய உணவுக்குச் சென்றார். மென்பொருள் இயங்காதிருத்தல் 2.40 மணியளவிலேயே அறியப்பட்டது. வேறு தடைகளையும் நீக்கி அது முழுமையாகச் செயற்படத் தொடங்கியபொழுது நேரம் 4.04. மின்வலையமைப்பின் தொடர்வீழ்ச்சி 4.06 மணியளவில் தொடங்கிற்று.

இம்மறதி ஒன்றே அப்பேரிருளுக்குக் காரணம் என்றல் பொருந்தாது. எனினும் கண்கள் மிக வேண்டியிருந்த வேளையில் ஒரு கண் மூடியிருந்தது என்பதில் ஐயமில்லை. அவ்வாய்வாளர் செய்த வேலையிற் குறை காண்டல் அரிது; பிழையைக் கண்டார், திருத்தினார். நிறுத்திய ஏவலுக்கு முடிவு நேரம் ஒன்று குறிக்கப்பட்டிருக்குமாயின் அது தானே மீண்டும் தொடங்கியிருக்கும். குறை மனிதரின் இயல்பிலன்று, அவ்வியல்பை எண்ணாது அமைத்த முறையிலேயே உளது என்று கொள்ளுதல் தகும்.

இனி, முறைப்படி அமைக்கப்படும் ஓய்வு நேரத்தின் உறுப்புக்களை நோக்குதல் வேண்டும். நாகியோஸிற் சேவையகம் ஒன்றுக்கு ஓய்வு குறிக்கும் கட்டளை, சேவையகத்தின் பெயர், தொடக்க நேரம், முடிவு நேரம், ஓய்வின் வகை, குறிப்போர் பெயர், காரணம் என்பவற்றைக் கேட்கின்றது. எது, எப்பொழுது தொடக்கம், எப்பொழுது வரையும், யாரால், எதன்பொருட்டு என்னும் ஐந்து வினாக்களுக்கு விடையிறுத்தாலன்றி மௌனம் அளிக்கப்படுவதில்லை என்பது இதனாற் பெறப்படும். வகையும் இரண்டு. நிலைத்த ஓய்வு குறித்த நேரத்திலே தொடங்கிக் குறித்த நேரத்திலே முடியும். நெகிழ்ந்த ஓய்வு, குறித்த எல்லைக்குள் சேவையகம் எப்பொழுது நிறுத்தப்படுகின்றதோ அப்பொழுது தொடங்கி, குறித்த நிமிடங்கள் மாத்திரம் நீடிக்கும். வேலை தொடங்கும் வேளை திட்டமாகத் தெரியாதவிடத்துப் பின்னையது பயன்படும். ஒன்றன் ஓய்வு தொடங்கியவுடன் அதனைச் சார்ந்த பிறவற்றின் ஓய்வும் தொடங்குமாறு பிணைத்தலும் உண்டு.

ஓய்வு நேரத்திலும் காவல் நின்றுவிடுவதில்லை என்பது சிறப்பாகக் கருதற்பாலது. நாகியோஸ் தன் சோதனைகளைத் தொடர்ந்து நடத்திக்கொண்டேயிருக்கும், பெறுபேறுகளைப் பதிந்துகொண்டேயிருக்கும், அறிவித்தலை மாத்திரம் நிறுத்திவைக்கும். மணியின் நாவைக் கட்டிய காவலன் கண்ணைக் கட்டிக்கொள்வதில்லை. சபிக்ஸ் இதனை வெளிப்படையாகவே இருவகையாக்கி, தரவுகளைத் திரட்டும் பராமரிப்பு, திரட்டாத பராமரிப்பு என வேறுபடுத்துகின்றது. தக்க காரணமில்லாவிடத்து முன்னையதைக் கொள்ளுதலே நன்று. என்னை? வேலை நடந்தபொழுது நிகழ்ந்தவற்றைப் பின்னர் ஆராயவேண்டின், திரட்டாத தரவை மீட்டல் எவராலும் ஆகாது. அன்றியும், ஆண்டிறுதியிற் சேவையகம் எத்துணை நேரம் இயங்காதிருந்தது என்று கணக்கிடும்பொழுது, திட்டமிட்டு நிறுத்திய நேரத்தையும் தற்செயலாக வீழ்ந்த நேரத்தையும் நாகியோஸின் அறிக்கை வேறுவேறாகக் காட்டும். ஓய்வைப் பதியாது வேலை செய்தோர்க்கு இரண்டும் ஒன்றாய்க் கலந்து, செய்த பராமரிப்பும் பழியாகவே எண்ணப்படும்.

சேவையகம் ஒன்றாயின் இவற்றைக் கையாற் செய்தல் எளிது. பலவாயவழி வேறொரு கேடு தோன்றும். ஒரே வேலையைப் பலமுறை செய்யும் கை எங்கேனும் ஒன்றைத் தவறவிடும் என்பது அனுபவ உண்மை. 2012ஆம் ஆண்டு ஓகத்து மாதம் முதலாம் நாள் நியூயோர்க் பங்குச்சந்தையில் நிகழ்ந்தது இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நைற் கப்பிற்றல் என்னும் பங்கு வணிக நிறுவனத்திடம் ஒரு தொழிலுக்கென எட்டுச் சேவையகங்கள் இருந்தன. புதிய செய்நிரல் ஏழிற் சேர்க்கப்பட்டது, எட்டாவதிற் சேர்க்கப்படவில்லை, அதனை ஒப்புநோக்கிச் சரிபார்ப்பதற்கு இரண்டாமவர் ஒருவரும் இருக்கவில்லை. எட்டாவதில் எஞ்சியிருந்த பழைய செய்நிரல் சந்தை திறந்தவுடன் விழித்துக்கொண்டு பிழையான கொள்வனவு விற்பனைகளை ஏவிற்று. ஏறத்தாழ 45 நிமிடங்களில் விளைந்த செயல்களால் அந்நிறுவனம் 46 கோடி டொலருக்கு மேல் இழந்தது.

இந்நிகழ்ச்சியில் மற்றொரு பாடமும் உளது. சந்தை திறப்பதற்கு முன்னரே அந்நிறுவனத்தின் கணினிகள் பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை உத்தியோகத்தருக்கு அனுப்பியிருந்தன என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆணை கூறுகின்றது. அவை எச்சரிக்கைகளாகக் கருதி அமைக்கப்பட்டவை அல்ல. ஆதலின் எவரும் அவற்றின்மேற் செயற்படவில்லை. செய்தி வந்து சேர்தல் வேறு, மணியோசையாக மதிக்கப்படுதல் வேறு என்பது இதனால் தெளிவாகும்.

பல சேவையகங்களில் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்தற்கென எழுந்தவையே தன்னியக்கக் கருவிகள். அவற்றுட் பரவலாக வழங்கும் அன்சிபிள் என்பதை மைக்கல் டீஹான் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டார்; 2015ஆம் ஆண்டில் அதனை றெட் ஹற் நிறுவனம் வாங்கிற்று. அன்சிபிள் என்னும் சொல் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குயின் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் ஒன்றிற் படைத்துக்கொண்டது. எத்துணைத் தொலைவுக்கும் கணப்பொழுதிற் செய்தி அனுப்பும் கற்பனைக் கருவியின் பெயர் அது. இக்கருவியை ஆள்வோர் இரண்டு ஏடுகளை எழுதிவைப்பர். ஒன்று சேவையகங்களின் பெயர்ப்பட்டியல். மற்றொன்று செய்யவேண்டிய வேலைகளை முறைப்படி கூறும் செயலேடு. கருவி பாதுகாப்பான தொடர்பு வழியாக ஒவ்வொரு சேவையகத்தையும் அணுகி, ஏட்டிற் கூறியவாறு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துமுடிக்கும். சேவையகங்களில் இதற்கெனத் தனியான முகவர் மென்பொருளை நிறுவவேண்டுவதில்லை.

நாகியோஸுக்கு ஓய்வு குறிக்கும் ஆற்றலும் அன்சிபிளில் அமைந்துளது. எனவே ஓய்வு குறித்தலும் பழுதுபார்த்தலும் ஒரே செயலேட்டின் உறுப்புக்களாகின்றன. அதன் ஒழுங்கு இவ்வாறு அமைதல் தகும்: முதற்கண் காவற் கணினியிடம் இச்சேவையகத்துக்கு இத்தனை நிமிடம் ஓய்வு என அறிவித்தல்; இரண்டாவதாக, மக்களின் வேண்டுகோள்கள் அச்சேவையகத்துக்குச் செல்லாதவாறு ஏனையவற்றுக்குத் திருப்பிவிடுதல்; மூன்றாவதாக, திருத்தத்தை இட்டு மீளத் தொடக்குதல்; நான்காவதாக, அது எழுந்துவரும் வரையும் காத்திருத்தல்; ஐந்தாவதாக, எழுந்த சேவையகம் தன் பணியை உண்மையாகவே செய்கின்றதா எனச் சோதித்தல்; ஆறாவதாக, வேண்டுகோள்களை மீளத் திருப்புதல்; ஈற்றில், எஞ்சிய ஓய்வை நீக்கி மணியின் கட்டை அவிழ்த்தல். ஓய்வு குறிக்கும் கட்டளை மாத்திரம் பழுதுபார்க்கப்படும் சேவையகத்தில் அன்றி, காவற் கணினியிலே நிறைவேற வேண்டும் என்பதும் செயலேட்டிற் குறிக்கப்படும்.

எல்லாச் சேவையகங்களையும் ஒருசேர நிறுத்தாது சிறு குழுக்களாகப் பிரித்தல் இதன் உயிர்நாடி. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சேவையகங்கள் 40; நான்கு நான்காகத் திருத்துவதாயிற் குழுக்கள் 10; ஒரு குழுவுக்கு 15 நிமிடமாக மொத்தம் 150 நிமிடம் எனக் கொள்க. தொடக்கத்திலேயே நாற்பதுக்கும் 150 நிமிட ஓய்வு குறித்துவிட்டால், காவலற்ற நேரம் ஒவ்வொரு சேவையகத்துக்கும் 150 நிமிடமாக 6,000 நிமிடம் ஆகும். ஒவ்வொரு குழுவின் முறை வரும்பொழுது அக்குழுவுக்கு மாத்திரம் 15 நிமிடம் குறித்தால், அது 600 நிமிடமாகக் குறையும். வேலை ஒன்றே; இரவும் ஒன்றே; இருளிற் கிடக்கும் நேரம் மாத்திரம் பத்திலொன்று. முற்கூறிய முறையைக் கைக்கொள்வோர் சோம்பலாற் செய்வதில்லை. ஒரே கட்டளையில் முடிந்துவிடுகின்றது என்னும் எளிமையே அவரை ஈர்க்கின்றது. கையால் நாற்பது முறை தட்டுதல் தொல்லையாதலின் அன்று அவ்வெளிமைக்கு ஒரு நியாயம் இருந்தது. தன்னியக்கக் கருவி வந்தபின் அந்நியாயம் ஒழிந்தது.

எனினும் கருவி நன்மையைப் பெருக்குமாறே தீமையையும் பெருக்கும். கையாற் செய்த பிழை ஒரு சேவையகத்தோடு நிற்கும். செயலேட்டிற் புகுந்த பிழை நாற்பதையும் சென்றடையும். ஆதலின் அவதானிக்கவேண்டியன சில உள. முதலாவது பெயர். செயலேட்டிலுள்ள பட்டியல் ஒரு பெயராலும் காவற் கணினி வேறொரு பெயராலும் ஒரு சேவையகத்தை வழங்குமாயின் ஓய்வு உரிய இடத்தைச் சாராது. புரொமீதியஸில் மௌனம் குறிப்போர் பெயரின் ஒரு கூற்றைக் கொடுத்து அதனோடு பொருந்துவன யாவற்றையும் அடக்கலாம்; கொடுத்த கூறு அளவுக்கு மிஞ்சிப் பொதுவாயின், எண்ணாத சேவையகங்களும் வாயடைக்கப்படும். குறிப்பதற்கு முன்னர், அகப்படுவன எவை என்று பட்டியலிட்டுப் பார்த்தல் நன்று.

இரண்டாவது நேரம். நாகியோஸின் கட்டளை நேரத்தை 1970ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள், கிறீனிச்சு நேரப்படி நள்ளிரவு தொடக்கம் கழிந்த செக்கன்களாகவே கொள்ளும். மனிதரோ தத்தம் நாட்டு நேரத்திலேயே சிந்திப்பர். கொழும்பிலே அதிகாலை 2 மணி என்பது கிறீனிச்சு நேரப்படி முதல்நாள் இரவு 8.30 மணி. கிறீனிச்சு நேரத்தில் இயங்கும் காவற் கணினிக்கு இலங்கையர் ஒருவர் 2 மணி என்றே எழுதிவிட்டால், வேலை நடக்கும் அதிகாலையில் மணி ஓயாது ஒலிக்கும், காலை 7.30 மணிக்கு, அலுவலகங்கள் விழித்தெழும் வேளையில், அது அடங்கிவிடும். முதலிற் கூறிய இரு குற்றங்களும் ஒரே பிழையால் விளைதல் காண்க. நாட்டின் நேரமும் என்றும் நிலையானதன்று. இலங்கையின் நேரம் 1996ஆம் ஆண்டில் இருமுறையும் 2006ஆம் ஆண்டில் ஒருமுறையும் மாற்றப்பட்டது. அமெரிக்காவிலோ மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் ஆண்டுக்கு இருமுறை மாறுகின்றது. அன்சிபிள் இவ்விடர்ப்பாட்டைப் பெரிதும் தவிர்க்கின்றது. இப்பொழுது தொடக்கம் இத்தனை நிமிடம் என்றே அது ஓய்வைக் குறிக்கும். எண்ணைக் கூறாவிடின் 30 நிமிடம் எனக் கொள்ளும்.

மூன்றாவது கால அளவு. மிகக் குறுகிய ஓய்வு வேலை முடியுமுன்னர் மணியை எழுப்பிவிடும். மிக நீண்டது உண்மைப் பழுதை மறைக்கும். ஒன்றிரண்டு சேவையகங்களில் வேலை எத்துணை நேரம் எடுக்கின்றது என்று அளந்து, அதனோடு சிறிது கூட்டிக் குறித்தலே முறை. இதனோடு தொடர்புடையது தோல்வியுற்ற சேவையகத்தின் நிலை. திருத்தம் ஒன்றிற் பிழைத்துவிட்டால் அன்சிபிள் அச்சேவையகத்தைப் பின்னைய படிகளினின்றும் விலக்கிவிடும்; ஆதலின் ஓய்வை நீக்கும் கடைசிப்படி அதற்கு நிகழாது. குறித்த நிமிடங்கள் கழிந்தவுடன் ஓய்வு தானே முடிய, வீழ்ந்து கிடக்கும் அச்சேவையகத்தின் மணி ஒலிக்கும். ஓய்வு குறுகியதாயின் இது பேருதவி. எட்டு மணித்தியாலம் எனக் குறித்திருந்தால் விடியும் வரையும் அறிவார் இலர். அன்றியும், தோல்வி ஒரு குறித்த வீதத்தைக் கடந்தால் மேற்செல்லாது நிற்குமாறு செயலேட்டிற் கட்டளையிடுதலும் வேண்டும்.

நான்காவது குறிப்போர் பெயர். செயலேட்டில் ஒருவர் பெயரும் கொடுக்கப்படாவிடின் அன்சிபிள் தன் பெயரையே குறிப்போராகப் பதிந்துவிடும். காரணமும் ஓய்வு குறிக்கப்படுகின்றது என்னும் பொதுச் சொல்லாகவே நிற்கும். இரவு இரண்டு மணிக்கு அப்பதிவைக் காணும் முறைகாவலர், ஐயம் எழுந்தால் யாரை அழைத்துக் கேட்பார்? கருவி வேலையைச் செய்யலாம். பொறுப்பை ஏற்றல் அதற்கு ஆகாது. ஏவிய மனிதரின் பெயரும், செய்யும் வேலையின் காரணமும் ஒவ்வொரு மௌனத்தோடும் எழுதப்படுதல் வேண்டும்.

ஐந்தாவதாக, காவற் கணினியையும் பழுதுபார்க்கவேண்டிய காலம் வரும். அது தானே ஓய்ந்தபொழுது ஒரு மணியும் ஒலியாது. எல்லாம் நலமென்பதற்கும் காவலே இல்லையென்பதற்கும் வேறுபாடு தோன்றாது. 2003ஆம் ஆண்டில் மேற்கூறிய மின்சார நிறுவனத்தினர் மயங்கியதும் இவ்விடத்திலேயே. இதற்கு மாற்றாக அறிஞர் கண்ட முறை நுட்பமானது. ஒருபொழுதும் ஓயாத எச்சரிக்கை ஒன்றை அமைத்து, அதனைப் புறத்தேயுள்ள வேறொரு கணினி இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்குமாறு செய்வர். அவ்வொலி நின்றுவிட்டாற் காவலன் வீழ்ந்தான் என்று அப்புறக் கணினி அறிவிக்கும். ஏனைய இடங்களில் ஒலி ஆபத்தின் அறிகுறி. இவ்விடத்தில் மௌனமே ஆபத்தின் அறிகுறியாகும்.

இதுகாறுங் கூறியவற்றால், மணியை அடக்குதல் காவலுக்கு மாறானதன்று, முறைப்படி அடக்குதல் காவலின் ஒரு பகுதியே என்பது புலப்படும். மௌனம் கடன் போன்றது. வாங்குவோர் பெயரும், வாங்குங் காரணமும், திருப்பித் தரும் நாளும் எழுதப்பட்ட கடன் குடியைக் கெடுப்பதில்லை. எழுதாது வாங்கி மறக்கப்பட்ட கடனே கெடுக்கும். நூற்றுக்கணக்கான சேவையகங்களை உடைய பெருநிறுவனத்துக்கும், இரண்டு மூன்று கணினிகளை மாத்திரம் உடைய பாடசாலைக்கும் இவ்விதி ஒன்றே. தன்னியக்கக் கருவி இல்லாதவிடத்து, எது, எப்பொழுது தொடக்கம், எப்பொழுது வரையும், யாரால், எதன்பொருட்டு என்னும் ஐந்து விடைகளையும் ஒரு கொப்பியில் எழுதி, முடிவு நேரத்திற் பார்த்து உறுதிசெய்யும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் அமையும். அங்ஙனஞ் செய்வார் மணியை அடக்கிய இரவிலும் அச்சமின்றி வேலை செய்வர்; அது மறுபடி ஒலிக்கும்பொழுது கேட்டவர் ஐயமின்றி எழுந்து வருவர்.